திடீர் அதிர்ச்சி: ஆபத்து விலகின பிறகு கை நடுங்குவது ஏன்?

கேள்வி:
வண்டிக்குக் குறுக்கே யாராவது பாய்ந்தால் அந்த நொடியில் கண்ணும் காதும் அவ்வளவு கூர்மையாகிவிடுகின்றன. தப்பித்த பிறகுதான் கை நடுங்குகிறது. அரை மணி நேரம் கழித்தும் படபடப்பு, எரிச்சல் அடங்குவதில்லை. எல்லாமே அட்ரினலின் என்ற ஹார்மோனின் வேலைதானா? சீக்கிரம் நிதானத்துக்கு வர என்ன வழி?

பதில் 1:
இல்லைங்க, வேலை பிரிந்து கிடக்கிறது. ரத்தத்தில் ஓடும் அட்ரினலின் மூளைக்குள் அவ்வளவாக நுழையாது. விழிப்பைத் தருவது மூளைக்குள்ளேயே சுரக்கும் நார்அட்ரினலின் என்ற அதன் நெருங்கிய உறவு ரசாயனம். மூளைத்தண்டில் லோக்கஸ் செருலியஸ் என்றொரு நீலநிறப் புள்ளி உண்டு. சில பத்தாயிரம் நரம்பணுக்கள்தான், ஆனால் அவற்றின் இழைகள் மூளையில் போகாத இடம் குறைவு. அளவாகச் சுரந்தால் கவனம் குவியும். மிஞ்சினால் முன்மூளை மந்தமாகிவிடும். பழகின போன் நம்பர்கூட அப்போது வாயில் வராது.

நடுக்கம்தான் அட்ரினலின் வேலை. தசையிலுள்ள பீட்டா-2 ஏற்பிகளை, அதாவது அது வந்து ஒட்டும் இடங்களை, அது தூண்டுகிறது. ரத்தத்தில் இரண்டு மூன்று நிமிடத்திலேயே பாதியாகிவிடும். அதற்குப் பின்னால் வருவது கார்டிசால் என்ற இன்னொரு அழுத்த ஹார்மோன்: 20–30 நிமிடத்தில் உச்சம், தணிய ஒரு மணி நேரத்துக்கு மேல். அரை மணி கழித்தும் உடம்பு உஷாராகவே இருப்பதில் இதற்குப் பங்குண்டு.

பதில் 2:
வண்டியை ஓரங்கட்டுங்கள். மூக்கு வழியாக நாலு எண்ணும்வரை இழுத்து, ஆறு முதல் எட்டு எண்ணும்வரை மெல்ல விடுங்கள். ஐந்து நிமிடம் போதும். ‘நல்லா இழுத்து மூச்சு விடு’ என்று பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வதில்தான் தப்பு நடக்கிறது. பெரிய பெரிய மூச்சாக வேகமாக இழுத்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து உதடும் விரல்நுனியும் மரத்துப்போகும், தலை சுற்றும். அதைப் பார்த்துப் பயந்து இன்னும் வேகமாக இழுப்பார்கள். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பிறகு பத்து நிமிடம் நடக்கலாம். காபி வேண்டாம், காஃபீன் பாதியாகவே ஐந்து மணி நேரம் பிடிக்கும், படபடப்பையும் கூட்டும்.

பதில் 3:
ஒன்று சேர்க்கிறேன். எந்தக் காரணமும் இல்லாமல் இதே படபடப்பு வந்தால் அதிர்ச்சிக் கணக்கில் எழுதிவிடாதீர்கள். ரத்தச் சர்க்கரை குறைந்தாலும் இப்படி வரும், அதனால் இன்சுலின் போடுபவர் முதலில் குளுக்கோமீட்டரில் பார்க்கட்டும். 70 mg/dL-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. பீட்டா பிளாக்கர் (பிபி, இதயக் கோளாறுக்குத் தரும் ஒரு வகை மாத்திரை) சாப்பிடுபவருக்குச் சர்க்கரை குறைந்தாலும் நடுக்கமும் படபடப்பும் தெரியாமலே போகலாம். வியர்வை மட்டும் காட்டிக்கொடுக்கும். தலைவலி, வியர்வை, படபடப்பு மூன்றும் சேர்ந்து திரும்பத் திரும்ப வந்து, அந்த நேரத்தில் பிபியும் ஏறினால், மெட்டாநெஃப்ரின் (அட்ரினலின் சிதைந்து உண்டாகும் பொருள்) பரிசோதனை வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அட்ரினல் சுரப்பிக் கட்டியாலும் இப்படி வரும்.