கியூஜிஐஎஸ்: ஸ்கேன் செய்த டோப்போ ஷீட் தள்ளி நிற்கிறது

இரண்டு வாரமாக மதுரை வண்டியூர் கண்மாய்க்கு ஒரு எளிய வரைபடம் போடப் பழகுகிறேன். கியூஜிஐஎஸ் (வரைபட மென்பொருள்) 3.34, விண்டோஸ் 11. பழைய டோப்போ ஷீட்டை (நில அமைப்பு காட்டும் அச்சு வரைபடம்) ஸ்கேன் செய்து, அதில் அச்சான அட்சரேகை, தீர்க்கரேகைகளை நான்கு மூலைக்கும் கொடுத்து ஜியோரெஃபரன்ஸ் செய்தேன், அதாவது படத்தைப் பூமியில் அதன் இடத்தோடு பொருத்தினேன். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் (இணைய வரைபடம்) மேல் வைத்தால் கரை, சாலை, ரயில் பாதை எல்லாமே ஒரே அளவாகத் தென்கிழக்கே தள்ளி நிற்கின்றன, ஏறக்குறைய 180 மீட்டர். திருகலும் இல்லை, சுருங்கலும் இல்லை.

மூலைப் புள்ளிகளை மூன்று முறை மாற்றிக் குத்தினேன், அதே கதை. சிஆர்எஸ் (ஆயத்தொலை முறை) இப்போது ஈபிஎஸ்ஜி 4326, அதாவது டபிள்யூஜிஎஸ் 84, டிகிரி கணக்கு. லேயரை 32644 (மீட்டர் கணக்கில் உள்ள யூடிஎம் முறை) என்று மாற்றினேன். கண்மாய் நிலநடுக்கோட்டருகே கடலுக்குள் போய்விட்டது! அப்புறம் பழையபடி வைத்துவிட்டேன். ஷீட்டின் ஓரத்தில் எவரெஸ்ட் ஸ்பீராய்டு (பூமியின் வடிவத்துக்கான பழைய கணக்கு) என்று இருக்கிறது. சந்தேகம் அதன் மேல்தான்.

ஜியோரெஃபரன்ஸ் செய்யும்போதே எந்த சிஆர்எஸ் தேர்ந்தெடுத்தால் இது சரியாக உட்காரும்?