மலைப்பாதையில் ஸ்போர்ட்ஸ் கார்: மெனுவல் கியரா, இரட்டைக் கிளச் ஓட்டோவா?

டிக்கோயாக்காரன் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். டிக்கோயாவில் குடியிருக்கும் நான், தொழில் காரணமாகத் தலவாக்கலை, நானுஓயா வழியாக நுவரெலியாவுக்கு அடிக்கடி சென்று வருபவன். கொழும்புப் பயணமென்றால் கினிகத்தேனை இறங்கி அவிசாவளை வழியாகப் போவேன். பல ஆண்டுகளாகச் சேமித்த பணத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்க எண்ணியிருக்கிறேன். இறக்குமதித் தடை 2025ஆம் ஆண்டில் நீங்கிய பின்னரும் வரியோடு சேர்த்துப் புதிய கார் வாங்குவது எனக்குக் கட்டுப்படியாகாது என்பதால், ஏற்கெனவே நாட்டில் ஓடிக்கொண்டிருக்கும் இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று, மூன்றாம் தலைமுறை மஸ்டா எம்.எக்ஸ்-5: இரண்டு லீற்றர் என்ஜின், ஆறு கியர் மெனுவல், பின்சக்கர இயக்கம். மற்றையது, இரண்டாம் தலைமுறை அவுடி டி.டி: இரண்டு லீற்றர் டர்போ என்ஜின், ஆறு கியர் இரட்டைக் கிளச் ஓட்டோ, முன்சக்கர இயக்கம். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

என் தயக்கத்துக்குக் காரணம் இதுதான். என் மைத்துனரிடம் இரட்டைக் கிளச் பொருத்திய சிறிய ஹைபிரிட் கார் ஒன்று இருந்தது. ஏற்றங்களில் தேயிலைக் கொழுந்து லொறிகளுக்குப் பின்னால் ஊர்ந்து செல்லும்போது கியர்பெட்டி சூடாகிவிட்டதென்று எச்சரிக்கை காட்டும். பிறகு முதலாம் கியரில் உதறல் எடுக்கத் தொடங்கி, கடைசியில் கிளச் தொகுதியையே மாற்ற வேண்டியதாயிற்று. ஸ்போர்ட்ஸ் காரிலும் இதே கதைதானா? மலைநாட்டில் தினமும் ஓட்டுவதற்கு எது தகும் என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

பண்டாரவளை வளைவு (பதில்):

தம்பி, நான் தயங்காமல் இரட்டைக் கிளச் என்றே சொல்வேன். அதன் அமைப்பை விளங்கிக்கொண்டால் காரணமும் விளங்கும். ஒன்று, மூன்று, ஐந்து ஆகிய கியர்கள் ஒரு கிளச்சோடும், இரண்டு, நான்கு, ஆறு ஆகியவை மற்றொரு கிளச்சோடும் இணைக்கப்பட்டிருக்கும். நீங்கள் இரண்டாம் கியரில் வேகம் பிடிக்கும்போதே மூன்றாம் கியர் ஆயத்தமாக நிற்கும். மாற்றும் கணத்தில் ஒரு கிளச் விட, மற்றது பிடித்துக்கொள்ளும். அஞ்சலோட்டத்தில் அடுத்த வீரர் ஓடத் தொடங்கிய பின்னர் கோல் கைமாறுவதைப் போல, சக்கரத்துக்குச் செல்லும் விசை நடுவில் அறுபடுவதே இல்லை. போர்ஷே நிறுவனம் 1980களில் தனது 962 ரேஸ் கார்களில் ஓட்டிப் பார்த்த நுட்பம் இது. வொக்ஸ்வாகன் 2003இல் கோல்ஃப் ஆர்32 காரில் சாதாரண மக்களுக்கும் கிடைக்கச் செய்தது.

ஹப்புத்தளையிலிருந்து பெரகலைக்கு இறங்கும் வளைவுகளில் எதிரே பஸ் வந்தால், இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருப்பது எவ்வளவு பெரிய துணை என்பதை அந்தப் பாதையில் ஓட்டுபவர்கள் அறிவார்கள். கியர் குறைக்க, ஸ்டியரிங்குக்குப் பின்னாலிருக்கும் கியர் மாற்றும் தகட்டில் விரல் ஒன்றை அசைத்தால் போதும். என்ஜின் சுழற்சி எல்லை மீறும் என்றால், அந்தக் கட்டளையைக் கியர்பெட்டியே ஏற்காது. மெனுவலில் அவசரத்தில் நான்காம் கியருக்குப் பதில் இரண்டாம் கியரைப் போட்டு என்ஜினைப் பாழாக்கியவர்களை நான் கண்டிருக்கிறேன்.

இன்னொன்றையும் மறந்துவிட வேண்டாம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு என்பதால், டர்போ இல்லாத என்ஜின் கடல்மட்டத்தில் தரும் வலுவில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கை இழக்கும். டர்போ என்ஜின் காற்றை அழுத்தி உள்ளே செலுத்துவதால் அந்த இழப்பின் பெரும்பகுதியை ஈடுசெய்துவிடும். ஏற்றத்தில் டி.டி. முந்துவதற்குக் கியர்பெட்டி மட்டுமே காரணம் அல்ல.

நானுஓயா கராஜ் (பதில்):

மேலே அண்ணன் எழுதியிருப்பதில் பிழை இல்லை. ஆனால், கியர் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பது நம் பாதைகளில் இரண்டாம் பட்சமான கேள்வி. ஏற்றத்தில், நடைவேகத்தில், கிளச்சுக்கு என்ன நேர்கிறது என்பதையே முதலில் கேட்க வேண்டும். கராஜுக்கு வரும் வண்டிகள் எனக்குக் காட்டுவது இதைத்தான்.

முதலாம் கியரில் கிளச் முழுவதுமாக ஒட்டிக்கொள்ள வேண்டுமானால், கார் மணிக்கு 6 அல்லது 7 கிலோமீற்றர் வேகத்திலாவது ஓட வேண்டும். அதற்குக் கீழே போனால், எந்தக் கிளச்சாக இருந்தாலும் உராய்ந்துகொண்டேதான் காரை நகர்த்தும். சமதரையில் அந்த உராய்வு சொற்பம். ஏற்றத்திலோ காரின் முழுப் பாரமும் பின்னுக்கு இழுப்பதால், உராய்வு அத்தனையும் வெப்பமாக மாறுகிறது. கொழுந்து மூட்டை ஏற்றிய லொறி முன்னால் ஊர்ந்தால் நீங்களும் அந்த வேகத்துக்குக் கீழேதான் போக முடியும்.

இனி உங்கள் மைத்துனரின் காருக்கு வருகிறேன். இரட்டைக் கிளச்சில் உலர் வகை, ஈர வகை என இரண்டு உண்டு. சிறிய கார்களிலும் ஹைபிரிட் கார்களிலும் பெரும்பாலும் உலர் வகையே இருக்கும். தட்டுகளைச் சுற்றிக் காற்று மட்டும்தான், ஆகவே ஏறிய சூடு இறங்க நேரம் எடுக்கும். வொக்ஸ்வாகன் குழுமத்தின் ஏழு கியர் உலர் வகை 250 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை வரைக்கும் உரியது. நீங்கள் பார்த்திருக்கும் டி.டி.யில் இருப்பது ஆறு கியர் ஈர வகை. அதன் தட்டுகள் ஒயிலில் மூழ்கியிருக்கும், அந்த ஒயில் சூட்டை எடுத்துச் சென்று குளிர்விப்பானில் இறக்கிவிடும். 350 நியூட்டன் மீற்றர் வரை தாங்கும்படி அமைத்த பெட்டிக்கு, 2010க்கு முந்தைய இரண்டு லீற்றர் டி.டி. கொடுப்பது 280 மட்டுமே. ஆகவே மைத்துனரின் அனுபவத்தை இந்தக் காரின்மேல் ஏற்றிப் பார்ப்பது நியாயமாகாது.

ஆனால் ஈர வகைக்கு ஒரு கடன் உண்டு. ஒவ்வொரு 60,000 கிலோமீற்றருக்கும் ஒயிலையும் வடிகட்டியையும் மாற்றியே ஆக வேண்டும். உராய்ந்த தட்டுகளின் துகள்கள் அந்த ஒயிலிலேயே சேர்கின்றன. கியர்களை இயக்கும் வால்வுகளும் மின்னணுப் பகுதியும் அதே ஒயிலில்தான் வேலை செய்கின்றன. ஒயில் மாற்றாமல் காலம் கடத்தியவர்களுக்குக் கிளச் போவதற்கு முன்னரே வால்வுத் தொகுதி போய்விடுவதை நான் பார்த்திருக்கிறேன். நம் பாதையில் ஓடும் காருக்கு 60,000 வரை காத்திருக்கவும் வேண்டாம், 40,000இல் மாற்றிவிடுங்கள் என்பதே என் ஆலோசனை.

ஓட்டும் முறையிலும் ஒரு பழக்கம் கட்டாயம். ஏற்றத்தில் நிற்கும்போது அக்சிலரேட்டரை இலேசாக மிதித்துக் காரைப் பிடித்து வைக்காதீர்கள். அது மெனுவலில் அரைக் கிளச்சில் நிற்பதற்குச் சமம். மெனுவலிலாவது கருகல் வாடை மூக்கில் ஏறி உங்களை எச்சரிக்கும். பிரேக்கை அழுத்தி நில்லுங்கள், முன்னால் போதிய இடைவெளி விழுந்த பின் ஒரே மூச்சில் நகருங்கள். இறக்கத்தில் டி நிலையில் விட்டால், எரிபொருளைச் சேமிப்பதற்காகப் பெட்டி மேல் கியருக்குத் தாவும். பாரம் முழுவதும் பிரேக்கின் தலையில் விழும். லீவரை மெனுவல் நிலைக்குத் தள்ளி, இரண்டாம் கியரையோ மூன்றாம் கியரையோ நீங்களே பிடித்து வையுங்கள். அப்போது கிளச் முழுமையாக ஒட்டியிருப்பதால், மெனுவலுக்குச் சற்றும் குறையாத என்ஜின் பிரேக் கிடைக்கும்.

இறம்பொடை மூடுபனி (பதில்):

நான் புசல்லாவையில் கற்பிக்கும் ஆசிரியை. இறம்பொடைப் பாதையில் பல வருடங்களாக மெனுவல் கார்தான் ஓட்டுகிறேன். மேலே எழுதிய இருவரோடும் ஓரளவு முரண்படுகிறேன். தம்பி கேட்டது ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றி. அதை வாங்குபவர் விரைவை மட்டும் விலைகொடுத்து வாங்குவதில்லை, ஓட்டும் இன்பத்தையும் சேர்த்தே வாங்குகிறார். போர்ஷே 2013இல் 911 ஜி.டி.3 காரை இரட்டைக் கிளச்சோடு மட்டும் வெளியிட்டது. ஆனால் 2016இல் மெனுவல் கியரோடு மட்டும் வரும் 911 ஆர் வகையை, மொத்தம் 991 கார்கள் என்ற அளவில் கொண்டுவந்து, 2017இல் ஜி.டி.3க்கும் மெனுவலைத் திருப்பிக் கொடுத்தது. விநாடிக் கணக்கில் தோற்கும் என்று தெரிந்தே மக்கள் மெனுவலைக் கேட்டார்கள்.

பனி இறங்கி, பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத பின்னேரங்களில், இடது காலின்கீழ் கிளச் பிடிக்கத் தொடங்கும் அந்த இடத்தை உணர்ந்து, காரை அங்குலம் அங்குலமாக நகர்த்துவதில் எனக்குக் கிடைக்கும் நம்பிக்கையை எந்த ஓட்டோ கியரும் தந்ததில்லை. பழுது பார்ப்பதையும் யோசியுங்கள். எம்.எக்ஸ்-5இன் கிளச் தட்டை ஹற்றனிலோ கம்பளையிலோ அனுபவமுள்ள எந்த மெக்கானிக்கும் மாற்றிவிடுவார். இரட்டைக் கிளச்சின் வால்வுத் தொகுதி பழுதானால், அதற்குரிய கருவிகள் உள்ள இடத்துக்குப் பெரும்பாலும் கொழும்புக்குத்தான் காரை ஏற்றி அனுப்ப வேண்டியிருக்கும்.

எம்.எக்ஸ்-5 எடுத்தால் ஒரு கவனம் வேண்டும். அது பின்சக்கர இயக்கம். மழை ஈரத்தில், வளைவின் நடுவே சட்டென்று கியரைக் குறைத்துக் கிளச்சை விட்டால் பின்பக்கம் வழுக்கும். வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்து முடித்துவிட வேண்டும்.

பண்டாரவளை வளைவு (பதில்):

பழுதுபார்ப்புப் பற்றி ஆசிரியை சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். பி.எம்.டபிள்யூ.கூட முந்தைய எம்3இல் இருந்த இரட்டைக் கிளச்சை, இப்போதைய தலைமுறையில் கைவிட்டு எட்டு கியர் டோர்க் கன்வேர்ட்டர் ஓட்டோவுக்கு மாறிவிட்டது. டொயோட்டா 2024இல் ஜி.ஆர். யாரிஸுக்குக் கொடுத்த எட்டு கியர் ஓட்டோவும் அந்த வகைதான். அதில் ஊர்ந்து செல்லும்போது உராயும் தட்டுக்குப் பதிலாகத் திரவமே விசையைக் கடத்துவதால், மெதுவான ஏற்றத்துக்கு அது இன்னும் பொருத்தம். ஆனால் தம்பியின் முன்னால் இருப்பவை அந்தக் கார்கள் அல்ல.

டிக்கோயாக்காரன்:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. கராஜ் அண்ணனிடம் ஒரு கேள்வி: டி.டி.யைப் பார்க்கப் போகும்போது எதைச் சோதிக்க வேண்டும்? ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியா நகருக்குள் மணிக்கணக்கில் நெரிசலில் நிற்கவும் நேரும்.

நானுஓயா கராஜ் (பதில்):

காரைக் காலையில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே பாருங்கள். உரிமையாளர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். நின்ற நிலையில் என்ஜின் ஓடும்போது கியர்பெட்டிப் பக்கம் கலகலவென்று தட்டும் ஒலி கேட்டால், என்ஜினின் அதிர்வைக் கியர்பெட்டிக்குக் கடத்தாமல் தணிக்கும் இரட்டைத்திணிவுச் சக்கரம் தேய்ந்திருக்கலாம். பிறகு அரை மணி நேரமாவது ஓட்டி நன்றாகச் சூடேற்றி, ஓர் ஏற்றத்தில் நிறுத்தி, மிக மெதுவாக நகர்த்துங்கள். முதலாம், இரண்டாம் கியர்களுக்கு இடையில் உதறல் இருக்கக் கூடாது. ரிவர்ஸிலும் ஏற்றத்தில் ஏற்றிப் பாருங்கள், பலர் அதை விட்டுவிடுகிறார்கள். ஸ்கேனர் வைத்திருப்பவர் ஒருவரை உடன் அழைத்துச் சென்று, பதிவான பிழைகளையும் ஒயிலின் வெப்பநிலையையும் பார்க்கச் சொல்லுங்கள்.

நெரிசலைப் பற்றி அஞ்ச வேண்டாம். பிரேக் மிதித்து நிற்கும்வரை கிளச் விலகியே இருக்கும். ஊர்வதுதான் அதற்குக் கேடு. ஒயில் மாற்றியதற்கான பற்றுச்சீட்டு இருந்து, உதறலும் இல்லையென்றால் டி.டி.யை எடுங்கள். பற்றுச்சீட்டு இல்லையென்றால், விலையை எவ்வளவு குறைத்தாலும் எம்.எக்ஸ்-5 பக்கம் போய்விடுங்கள். அதிலும் நான்காம் கியரில் ஏற்றத்தில் முழுவதுமாக மிதித்துப் பாருங்கள். வேகம் கூடாமல் சுழற்சி மட்டும் ஏறினால் கிளச் தட்டு தேய்ந்துவிட்டது. அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.