மறு: ‘வோட்டிங் பிளாக்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் – ‘கன்னை’ என் பரிந்துரை

நண்பர்களுக்கு வணக்கம்.

‘வோட்டிங் பிளாக்’ (ஒரு வாக்கெடுப்பில் சேர்ந்து வாக்களிப்போர்) என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டு இழையைத் தொடங்கி வைத்த நண்பருக்கு முதலில் நன்றி. சர்வைவர், பிக் பாஸ் மாதிரியான போட்டி நிகழ்ச்சிகளைப் பற்றித் தமிழில் ஆழமாக எழுத உட்காரும் எவருக்கும் இந்தச் சொல் தட்டுப்பாடு இரண்டாம் பத்தியிலேயே வந்துவிடும். ‘அலையன்ஸ்’, ‘வோட்டிங் பிளாக்’ இரண்டுக்கும் ‘கூட்டணி’ என்றே போட்டுவிடலாம் என்பதுதான் இதுவரை வந்த மடல்களில் பெரும்பான்மைக் கருத்து. நான் இதில் மாறுபடுகிறேன். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

> கூட்டணி என்றால் எல்லாருக்கும் புரியும். உள்ளதைப் பிரித்துக் குழப்புவானேன்?

கூட்டணி என்றதும் வாசகர் மனத்தில் எழுவது தேர்தல் கூட்டணி. பேசி முடித்து, ஊரறிய அறிவித்து, கொஞ்ச காலமாவது நீடிக்கும் ஏற்பாடு அது. ஆட்டத்தில் ‘அலையன்ஸ்’ என்பதற்கு இது ஓரளவு பொருந்துகிறது. ஊரறிய அறிவிப்பதில்லை என்றாலும் பேச்சு உண்டு, வாக்குறுதி உண்டு, ‘கடைசிவரை சேர்ந்தே போவோம்’ என்ற கால எல்லை உண்டு. ஆகவே அதற்குக் கூட்டணி என்பதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். அதில் எனக்குச் சண்டையே இல்லை.

ஆனால் யாரை வெளியேற்றுவது என்று ஆட்டக்காரர்களே வாக்களிக்கும் ஒரே ஓர் இரவுக்காகச் சேர்ந்து, பெயர்ச்சீட்டு எண்ணி முடிந்ததும் கலைந்துபோகும் சேர்க்கை வேறு. அதில் வாக்குறுதி கிடையாது. சில சமயம் அதில் இருப்பவருக்கே தான் இருப்பது தெரியாது.

இந்தக் கடைசி வரி மிகைபோலத் தோன்றலாம். சர்வைவரின் முதல் அமெரிக்கப் பருவத்தைப் பாருங்கள். ஸ்வீடனில் 1997-இல் ‘எக்ஸ்பெடிஷன் ராபின்சன்’ என்ற பெயரில் தொடங்கிய வடிவம், 2000-இல் போர்னியோ கரையோரத்தின் புலாவ் டிகா தீவில் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காகப் படமாக்கப்பட்டது. 16 பேர், 39 நாள், வெல்பவருக்குப் பத்து லட்சம் டாலர். அப்போது ஆட்டக்காரர்களில் பலர், யாருக்குத் தகுதி இல்லையோ அவரை அனுப்புவோம் என்று அவரவர் மனச்சாட்சிப்படி வாக்களித்துக்கொண்டிருந்தார்கள். ரிச்சர்ட் ஹாட்ச், ரூடி போஷ், சூ ஹாக், கெல்லி விக்கில்ஸ்வொர்த் ஆகிய நால்வர் மட்டும் கூட்டணி கட்டியிருந்தார்கள். ஆட்டக்காரர்கள் முதலில் பிரிந்திருந்த இரண்டு அணிகளும் ஒன்றாகி, பத்துப் பேர் வாக்களித்த முதல் இரவில் இந்த நால்வரின் வாக்கும் கிரெட்சன் கார்டி மேல் விழுந்தது. மற்ற ஆறு வாக்குகளும் சிதறின. பத்தில் நான்கே போதுமாயிற்று.

இதுவரை கூட்டணி என்ற சொல்லே தாங்கும். ஷான் கென்னிஃப் என்பவரிடம் வரும்போதுதான் தடுமாறுகிறது. இவர் எந்தப் பக்கமும் சாராமல், பெயர்களின் ஆங்கில அகர வரிசைப்படி வாக்களிக்கப் போவதாக வெளிப்படையாகவே முடிவெடுத்தார். நியாயமாக நடக்கிறோம் என்று நம்பித்தான் அப்படிச் செய்தார். ஆனால் அடுத்து இவர் யார் பெயரை எழுதுவார் என்று மற்றவர்கள் முன்கூட்டியே கணக்கிட முடிந்தது. வரிசை ஜென்னா என்ற ஆட்டக்காரரிடம் வந்த இரவில் கூட்டணியில் பெரும்பாலோரின் வாக்குகளும் ஜென்னா மேல் விழுந்தன. அவர் வெளியேறினார். அந்த இரவில் ஷான் எங்கே இருந்தார்? கூட்டணியில் இல்லை; ஆனால் ஜென்னாவை வெளியேற்றிய வாக்குத் தொகுதியில் இருந்தார். ‘கூட்டணி’ என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு இதை எழுதிப் பாருங்கள், ஒன்று ஷானுக்கு அநியாயம் நடக்கும், இல்லையென்றால் வாசகருக்கு.

2002-இல் மார்க்கேசாஸ் பருவத்தில் இதன் மறுபக்கம் தெரிந்தது. பெரும்பான்மைக் கூட்டணியின் உள்வட்டமான நால்வர், கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்பவர் மற்றவரின் கயிற்றை வெட்டும் ஒரு போட்டியில், யார் கயிற்றை முதலில் வெட்டுவது, யாருடையதைக் கடைசியில் என்று ஒழுங்காக வரிசை வைத்து வெட்டினார்கள். அந்த வரிசையே அவர்களைக் காட்டிக்கொடுத்தது. தாங்கள் அடுக்கின் அடியில் இருக்கிறோம் என்பதை அதே கூட்டணியின் பாஸ்கலும் நெலேயும் கண்ணால் பார்த்துவிட்டார்கள். சிறுபான்மைப் பக்கம் இருந்த மூவரோடு சேர்ந்து, உள்வட்டத்தின் ஜான் கரோலை வெளியேற்றினார்கள். கடைசியில் வென்றவர் அந்தச் சிறுபான்மையில் இருந்த வெசெபியா டவரி. சேர்ந்த ஐந்து பேருக்குள் ‘கடைசிவரை’ என்ற உறுதி எதுவும் அந்த நேரத்தில் தேவைப்படவில்லை. அன்றைய தேவை ஒன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

2015-இல் கம்போடியா பருவத்துக்கு வரும்போது ஆட்டக்காரர்களே ‘இனிக் கூட்டணி இல்லை, வோட்டிங் பிளாக்தான்’ என்று பேசத் தொடங்கிவிட்டார்கள். ஒவ்வோர் இரவும் சேர்க்கை புதிதாகக் கலைந்து கூடியது. ஆங்கிலத்தில் ஆடுபவர்களுக்கே இரண்டு சொல் தேவைப்பட்டபோது, அவர்கள் ஆடியதை விளக்குகிற நமக்கு ஒன்று எப்படிப் போதும்?

சரி, என்ன சொல்? முன்மொழியப்பட்டவை ‘வாக்குத் தொகுதி’, ‘வாக்கணி’, ‘ஓரிரவு அணி’. முதலாவது, தேர்தல் தொகுதி என்ற பொருளில் ஏற்கெனவே குடியேறிவிட்டது. ‘வாக்கணி’ அழகாக இருக்கிறது, ஆனால் ‘அணி’ இந்த நிகழ்ச்சிகளில் வேறு வேலை பார்க்கிறது. ஆட்டத்தைத் தொடங்கும்போது நிகழ்ச்சியே பிரித்துவிடும் குழுவுக்கு அது வேண்டும். 2021-இல் சான்சிபாரில் நடந்த தமிழ் சர்வைவரில் காடர்கள், வேடர்கள் என்று இருந்தவை அணிகள். மேலே நானும் அந்தப் பொருளில்தான் எழுதியிருக்கிறேன். ‘ஓரிரவு அணி’ விளக்கமாக நிற்கிறதே தவிர, சொல்லாக உருளவில்லை.

என் பரிந்துரை: கன்னை.

சிறுவர் விளையாட்டில் ஆட்களை இரண்டாகப் பிரித்துக்கொள்ளும்போது ஒவ்வொரு பக்கமும் ஒரு கன்னை. கன்னை பிரித்துத்தான் ஆட்டம் தொடங்கும். ஆட்டம் முடிந்தால் கன்னை கலையும். அடுத்த ஆட்டத்துக்கு மறுபடி பிரிப்பார்கள். சற்றுமுன் எதிர்க்கன்னையில் நின்றவன் இப்போது உன் கன்னையில் நிற்பான், அதை யாரும் கேள்வி கேட்பதில்லை. ‘வோட்டிங் பிளாக்’ என்பதன் இலக்கணம் முழுக்க இந்த ஒரு சொல்லுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக ஒட்டி உருவாக்க வேண்டிய வேலையே இல்லை.

> கன்னை என்பது பலருக்குத் தெரியாத வட்டாரச் சொல். கலைச்சொல் பொதுவாக இருக்க வேண்டாமா?

ஈழத் தமிழில் இன்றும் புழங்கும் சொல்தான் இது. மற்ற இடங்களில் பலருக்கு அந்நியமாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் கலைச்சொல்லுக்கு அது குறையாகாது. எல்லாருக்கும் முன்பே தெரிந்த சொல்லில் பழைய பொருள் அடைத்துக்கொண்டிருக்கும், ‘தொகுதி’க்கு நேர்ந்தது அதுதான். சிலரிடம் உயிரோடு இருக்கும் சொல்லை மற்றவர்களுக்கு அறிமுகப்படுத்துவது, யாரிடமும் இல்லாத சொல்லைத் தைப்பதைவிட எளிது. உலாவி, மின்னஞ்சல் எல்லாம் முதல் நாளில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. வலைப்பூ, வலைப்பதிவு இரண்டும் போட்டியிட்டு, இரண்டுமே பிழைத்தன. இதற்கும் அப்படி ஓர் இடம் கிடைக்கட்டும்.

அப்புறம், நான் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு இன்னொரு காரணம், சொல்லோடு ஒட்டிவரும் தீர்ப்பு. கன்னை மாறியவரைப் பற்றி எழுதும்போது நாம் பயன்படுத்தும் சொற்களைப் பாருங்கள்: கட்சித் தாவல், துரோகம், முதுகில் குத்துதல், குரூப்பிசம். எல்லாமே குற்றப்பத்திரிகை. நடந்தது என்ன என்று சொல்வதற்கு முன்பே தண்டனையைச் சொல்லிவிடுகின்றன.

‘குரூப்பிசம்’ பற்றி மட்டும் இரண்டு வரி. அந்தச் சொல் பிக் பாஸில் வசையாக ஒலிப்பதற்கு ஆட்ட விதியே காரணம் என்று நினைக்கிறேன். 1999-இல் நெதர்லாந்தில் தொடங்கிய பிக் பிரதரின் இந்திய வடிவம் இது. வீட்டிலிருப்பவர்கள் பெயர் மட்டுமே முன்மொழிகிறார்கள். வெளியே அனுப்புவது பார்வையாளர் வாக்கு. முன்மொழிவைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்வதும் விதிமீறல். ஆகவே அங்கே சேர்ந்து திட்டமிடுவது ஆட்டத்தின் பகுதியாகாமல், பார்வையாளரிடம் கெட்ட பெயர் வாங்கித்தரும் செயலாகிறது. தமிழ் நான்காவது பருவத்தில் சில போட்டியாளர்களுக்கு ஒட்டிக்கொண்ட ‘அன்பு கேங்’ என்ற பெயரே ஒரு குற்றச்சாட்டாக வளர்ந்தது நினைவிருக்கும். சர்வைவரிலும் அமெரிக்க பிக் பிரதரிலும் போட்டியாளர்களே ஒருவரையொருவர் வெளியேற்றுகிறார்கள். அங்கே சேராமல் ஆடவே முடியாது. ஒரு விதியின் கீழ் வசையான சொல்லை இன்னொரு விதியின் கீழ் ஆடும் ஆட்டத்துக்குக் கொண்டுபோனால், அங்கே திறமையாக ஆடுகிற ஒவ்வொருவரும் அயோக்கியராகத் தெரிவார்கள்.

> ‘பிளைண்ட்சைட்’ என்பதற்கு ‘முதுகுக்குத்து’ சரியாக இருக்கும்.

இல்லை என்பேன். முதுகில் குத்த, நம்பியவர் ஒருவர் பின்னால் நிற்க வேண்டும். ‘பிளைண்ட்சைட்’டுக்குத் தேவை, வெளியேறுபவருக்குத் தெரியாமல் இருப்பது மட்டுமே. 2010-இல் ஹீரோக்களும் வில்லன்களும் மோதிய பருவத்தில், பார்வதி ஷாலோ தன்னிடமிருந்த இரண்டு இம்யூனிட்டி ஐடல்களையும் (பயன்படுத்தப்படுபவர்மேல் விழும் வாக்குகளைச் செல்லாமல் ஆக்கும் பொருள்) தன் பக்கத்தின் ஜெர்ரிக்கும் சாண்ட்ராவுக்கும் கொடுத்தார். எதிர்ப்பக்கத்து வாக்குகள் அனைத்தும் செல்லாமல் போய், ஜே.டி. தாமஸ் வெளியேறினார். ஜே.டி. எதிர் அணிக்காரர். பார்வதி அவருக்கு எந்த உறுதியையும் உடைக்கவில்லை. ஆனால் அதே ஜே.டி. முன்பு ரஸல் ஹான்ட்ஸை நம்பித் தன் ஐடலையே அவருக்கு அனுப்பியிருந்தார். ரஸல் செய்தது நம்பிக்கை உடைப்பு. ஒரே இரவில், ஒரே ஆள்மேல், இரண்டு வேறு செயல்கள்! இரண்டையும் ‘முதுகுக்குத்து’ என்று எழுதினால் பார்வதியின் ஆட்டத்தைப் பாராட்டவும் முடியாது, ரஸலின் ஆட்டத்தை எடைபோடவும் முடியாது. ‘பிளைண்ட்சைட்’டுக்கு ‘மறைவெட்டு’ என்று வைக்கலாம் என்பது என் எண்ணம். மறைவாக விழும் வெட்டு. யார் வெட்டினார், நண்பரா எதிரியா என்பதை அடுத்த வாக்கியம் சொல்லட்டும்.

‘ஜூரி’யை ‘நடுவர் குழு’ என்று எழுதுவதையும் விட்டுவிடலாம். நடுவில் நிற்பவர் நடுவர். இவர்களோ வெட்டுப்பட்டு வெளியே போனவர்கள், காயத்தோடு உட்கார்ந்து பரிசைத் தீர்மானிக்கிறவர்கள். ‘வெளியேறியோர் அவை’ என்றால் அந்த வலியும் சொல்லில் வந்துவிடும். இந்த ஆட்ட வடிவத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. யாரை வெளியேற்றினாயோ அவரிடமே போய்ப் பரிசு கேட்க வேண்டும். ரஸல் இரண்டு பருவங்கள் அடுத்தடுத்து இறுதிவரை வந்தார். 2009-இல் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் நேட்டலி வைட்டிடம் தோற்றார். 2010-இல் அவருக்கு ஒரு வாக்குகூட விழவில்லை. ஆறு வாக்கில் வென்றவர் சாண்ட்ரா டயஸ்-ட்வைன். இவர் 2003-லும் வென்றவர். என்னை அனுப்பாதவரை யாரை அனுப்பினாலும் சரி என்ற கொள்கையோடு கன்னைக்குக் கன்னை மாறியவர்தான் சாண்ட்ராவும். மாறியதற்காக அவை அவரைத் தண்டிக்கவில்லை. ரஸல் மாறியதோடு நிற்காமல், வெளியேறுகிறவரைச் சிறுமைப்படுத்தினார். தண்டனை அதற்குத்தான் என்பது என் வாசிப்பு. துரோகம் என்ற ஒரே சொல்லால் இருவரையும் மூடிவிட்டால் இந்த வேறுபாடு தமிழில் எழுதப்படாமலே போகும். மனிதர்கள் எதை மன்னிக்கிறார்கள், எதை மன்னிப்பதில்லை என்று இந்த நிகழ்ச்சிகள் காட்டும் அரிய இடம் அது. அதை இழக்க எனக்கு மனமில்லை.

விக்சனரி என்ற இணைய அகராதியில் ஏற்றுவதற்கு முன் உங்கள் பார்வைக்கு வரைவு:

கூட்டணி – பல வாக்கெடுப்புகள் நீடிக்கும் நோக்கத்தோடு, வாக்குறுதியின்மேல் ஆட்டக்காரர்கள் அமைத்துக்கொள்ளும் சேர்க்கை.

கன்னை – ஒரு குறிப்பிட்ட வாக்கெடுப்பில் ஒரே பெயருக்கு வாக்களிப்போரின் சேர்க்கை, வாக்கெடுப்போடு கலையும். எ-டு: ‘கூட்டணியில் நால்வர், ஆனால் அன்றைய கன்னையில் ஐவர்.’ வினை: கன்னை கட்டு, கன்னை மாறு.

மறைவெட்டு – வெளியேறுபவர் அறியாதபடி நிகழும் வெளியேற்றம்.

‘கன்னை’க்கு மாற்று இருப்பவர்கள், ஷான் கென்னிஃப் வாக்களித்த அந்த இரவை உங்கள் சொல்லை வைத்து ஒரு வாக்கியத்தில் எழுதி அனுப்புங்கள். ‘மறைவெட்டு’ பற்றி எனக்கு அவ்வளவு உறுதி கிடையாது. அதைவிட நல்லது வந்தால் உடனே ஏற்கிறேன்.

அன்புடன்