செவ்வாய் மாத்திரை, புதன் மாத்திரை

திருநகரிலிருந்து எழுதுகிறேன். வயது 46, வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் காலையில் எழுந்தால் விரல் மடங்காது. பால் பாக்கெட்டை வெட்டக்கூட மகனைக் கூப்பிட வேண்டும். வெந்நீரில் பாத்திரம் கழுவி, பத்து மணி ஆன பிறகுதான் ஊசியில் நூல் கோர்க்க வரும். "தைக்கிறவளுக்குக் கை வலிக்காம எப்படி இருக்கும்" என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் அப்படியே நினைத்து ஆறு மாதம் தைலம் தேய்த்தேன். கடைசியில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் முடக்குவாதம், அதாவது ருமாட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்.

டாக்டர் மெத்தோட்ரெக்ஸேட் எழுதினார். வாரத்தில் ஒரே ஒரு நாள். மறுநாள் ஃபோலிக் ஆசிட் 5 மில்லிகிராம். சனிக்கிழமை ராத்திரி போடத் தொடங்கினேன். ஞாயிறு காலையில் வீட்டில் கறிக்குழம்பு கொதிக்கும், நான் வாசலில் போய் உட்கார்ந்திருப்பேன். அந்த வாசனையே ஆகாது. நாலு வாரம் பார்த்துவிட்டு டாக்டரிடம் கேட்டுச் செவ்வாய்க்கு மாற்றிக்கொண்டேன். குமட்டல் எங்கேயும் போகவில்லை, கறி மட்டும் தப்பித்தது.

என் தப்பு இரண்டாவது மாதத்தில். கை கொஞ்சம் லேசானதும், அந்தப் புதன்கிழமை மாத்திரை சத்து மாத்திரைதானே, கீரை தின்றால் போதாதா என்று வாங்காமல் விட்டேன். மூன்றாவது வாரமே வாய்ப்புண். உள்உதடு, நாக்கின் ஓரம் எல்லாம் வெள்ளை வெள்ளையாக. ரசம் சோறுகூட எரிந்தது. மாமியார் மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பாலில் வைத்துக் கொடுத்தார். சாப்பிட இதமாக இருந்தது, புண் ஆறவில்லை. சீப்பில் முடியும் கொத்தாக வந்தது.

டாக்டர் திட்டவில்லை, ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். நம் உடம்பில் செல்கள் புதிதாகப் பெருக ஃபோலேட் என்ற வைட்டமின் வேண்டும், ஃபோலிக் ஆசிட் அதன் மாத்திரை வடிவம். மெத்தோட்ரெக்ஸேட் அந்த வழியைத்தான் அடைக்கிறது. வேகமாகப் பெருகும் இடங்கள் முதலில் அடிவாங்கும்: வாய், குடல், முடி வேர், எலும்பு மஜ்ஜை. ஃபோலிக் ஆசிட் அந்த அடியைக் குறைக்கிறது, கல்லீரல் அளவுகள் ஏறுவதையும் குறைக்கிறது. "அப்போ ஒன்னை ஒன்னு முறிச்சிடாதா?" என்று கேட்டேன். மூட்டுக்குக் கொடுக்கும் சின்ன அளவில் மருந்து வேலை செய்வது பெரும்பாலும் வேறு வழியில், அதனால் பலன் அவ்வளவாகக் குறையாது என்றார். திரும்ப ஆரம்பித்தேன். மூன்று வாரத்தில் வாய் ஆறியது. மறுநாள் அசதி மட்டும் இன்றைக்கும் உண்டு, புதன்கிழமை புது ஆர்டர் எடுப்பதில்லை.

உங்களுக்கு எப்படி இருந்தது? கீழே எழுதுங்கள்.

மேலூரிலிருந்து:

அக்கா, நீங்கள் விட்டது புதன் மாத்திரையை. எங்கள் வீட்டில் நடந்தது தலைகீழ். அப்பாவுக்கு 67 வயது. சீட்டில் வாரம் ஒரு முறை என்றுதான் இருந்தது. மாத்திரை வாங்கிய இடத்தில் கவரின் மேல் வழக்கம்போல 0-0-1 என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அப்பா கவரைத்தான் படிப்பார், சீட்டை என்றைக்குப் படித்தார்? ஒன்பது நாள் தினமும் ராத்திரி மெத்தோட்ரெக்ஸேட். அதுவும் ஃபோலிக் ஆசிட்டும் சின்ன மஞ்சள் மாத்திரை, கம்பெனி வைத்த பெயரும் காதில் ஒன்றுபோல விழுந்தது. இதைத்தான் வாரத்துக்கு ஒன்று என்று ஃபோலிக் ஆசிட்டை எடுத்து வைத்திருந்தார்.

பத்தாம் நாள் எச்சில் விழுங்க முடியவில்லை. காய்ச்சல், உடம்பில் சிவப்புப் புள்ளிகள். மதுரைக்குக் கொண்டுபோனோம். வெள்ளை அணுவும் தட்டணுவும் தரைக்கு வந்திருந்தன. அங்கே போட்டது ஃபோலினிக் ஆசிட் ஊசி. ஃபோலிக் ஆசிட்டின் இன்னொரு வடிவமாம், மருந்து அடைத்த இடத்தைத் தாண்டி நேராக வேலை செய்யுமாம். பன்னிரண்டு நாள் வார்டில் கிடந்தோம். பிழைத்து வந்ததே பெரிது. வாரத்துக்கு ஒன்று என்றால் எந்தக் கிழமை என்று சீட்டிலேயே தமிழில் எழுதி வாங்குங்கள், தயவுசெய்து.

உசிலம்பட்டியிலிருந்து:

எனக்கு ஃபோலிக் ஆசிட் போட்டும் குமட்டல் நிற்கவில்லை. இஞ்சி, எலுமிச்சை, புளிப்பு மிட்டாய் எல்லாம் பார்த்தாச்சு. மாத்திரையை நிறுத்தி, அதே மருந்தைத் தோலுக்கடியில் போடும் ஊசியாக மாற்றினார்கள். இப்போது பரவாயில்லை. எல்லாருக்கும் வைட்டமினே போதும் என்று நினைத்துவிடாதீர்கள், அதற்குத்தான் எழுதினேன்.

சோழவந்தானிலிருந்து:

மேலூர்த் தம்பி சொன்னதைப் படித்ததும் எங்கள் அத்தை ஞாபகம் வந்தது. அவருக்குப் பிரெட்னிசலோன் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டீராய்டு எலும்பைக் கரைக்கும் என்று கால்சியமும் வைட்டமின் டி 60,000 யூனிட் பாக்கெட்டும் கொடுத்தார்கள். பாக்கெட் வாரத்துக்கு ஒன்று, எட்டு வாரம். பாலில் கலந்தால் இனிப்பாக இருக்கிறது, எலும்புக்கு நல்லது என்று வேறு சொல்லியாச்சு. அத்தை தினமும் ஒன்று குடித்திருக்கிறார். தீரத் தீரப் பேரனை அனுப்பி வாங்கியிருக்கிறார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. வைட்டமின்தானே!

ஒரு மாதத்துக்கு மேல் போனது. வாந்தி, மலச்சிக்கல், தீராத தாகம், அப்புறம் பேச்சு குழற ஆரம்பித்தது. வாதம் தலைக்கு ஏறிவிட்டது என்று ஊரில் ஒருவர் சொல்ல, வேப்பிலை அடிக்கவும் கூட்டிப்போனோம், மறைப்பானேன். ரத்தத்தில் கால்சியம் எகிறியிருந்தது, கிட்னியையும் தொட்டிருந்தது. பாட்டில் பாட்டிலாக டிரிப்ஸ் ஏற்றித்தான் இறக்கினார்கள். தண்ணீரில் கரையும் வைட்டமின் கூடினால் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும், டி கொழுப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்று நர்ஸம்மா சொன்னார்.

திருமங்கலத்திலிருந்து:

ஓய்வுபெற்ற அறிவியல் வாத்தியார், கொஞ்சம் வாத்தியார்த்தனம் பொறுத்துக்கொள்ளுங்கள். செவ்வாய் மாத்திரைக்கும் புதன் மாத்திரைக்கும் ஒரே பூர்வீகம். பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்ரகட சுப்பாராவ் அமெரிக்காவில் ஒரு மருந்து நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைவராக இருந்தார். 1940களில் ஃபோலிக் ஆசிட்டைச் செயற்கையாகத் தயாரித்தது அவருடைய குழு. அதற்கு எதிராக வேலை செய்யும் மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்துகள் வந்ததும் அதே கூடத்திலிருந்துதான். முதலில் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுத்தார்கள். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் கொடுக்க அமெரிக்க அரசு அனுமதி தந்தது 1988இல். சுப்பாராவ் 1948லேயே போய்விட்டார். என் மனைவி இரண்டையும் ஏழு வருடமாகச் சாப்பிடுகிறார், நோபல் கிடைக்காத மனுஷனுக்கு எங்கள் வீட்டில் வாரம் இரண்டு தடவை மரியாதை.

தெப்பக்குளத்திலிருந்து:

அம்மா பூக்கட்டுபவர். மாட்டுத்தாவணியிலிருந்து வரும் மல்லியை விடிகாலையிலேயே கட்ட உட்கார வேண்டும், விரல் வீங்கினால் அன்றைய கூலி போச்சு. அதனால் வலி மாத்திரை, அது வயிற்றைப் புண்ணாக்காமல் இருக்க வெறும் வயிற்றில் ஒரு கேஸ் மாத்திரை, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், இதோடு ஃபோலிக் ஆசிட். இரண்டு வருடம் இப்படி ஓடியது. பாதம் மரத்தது, செருப்பு கழன்று விழுந்தால்கூடத் தெரியவில்லை. மூட்டு நோய் காலுக்கு இறங்கிவிட்டது என்று நினைத்தோம். பார்த்தால் வைட்டமின் பி12 குறைவு. கேஸ் மாத்திரையும் மெட்ஃபார்மினும் நாள்பட ஓடினால் பி12 உடம்பில் சேர்வது குறையுமாம். இதில் ஃபோலிக் ஆசிட் ஒரு திரைபோல. ரத்தசோகையை அது சரிபண்ணிவிடுவதால் ஹீமோகுளோபின் நன்றாக இருந்தது, நரம்பு மட்டும் உள்ளுக்குள் கெட்டுக்கொண்டிருந்தது. ஊசி போட்ட பிறகு மரப்பு பாதி குறைந்திருக்கிறது. மீதி வருமா என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை.

சமயநல்லூரிலிருந்து:

திருநகர் அக்கா, தினம் முருங்கைக்கீரை சூப் குடிக்கிறேன். அதிலேயே ஃபோலேட் இருக்கிறதே, மாத்திரையை விட்டுவிடலாமா?

திருநகர்:

நான் விட்டுத்தானே வாயைப் புண்ணாக்கிக்கொண்டேன். சூப்பைக் குடியுங்கள், மாத்திரையையும் போடுங்கள். கீரையில் இருப்பது கொதிக்கும்போது கொஞ்சம் போய்விடும், எவ்வளவு சேர்ந்தது என்று அளக்கவும் முடியாது. இன்னொன்று, சளி, சிறுநீர்த் தொற்று என்று வேறு டாக்டரிடம் போனால் வாரம் மெத்தோட்ரெக்ஸேட் போடுகிறேன் என்று முதலில் சொல்லிவிடுங்கள். கோ-ட்ரைமோக்ஸசோல் என்ற ஆன்டிபயாடிக்கும் ஃபோலேட் வழியையே அடைக்கும், இரண்டும் சேர்ந்தால் ரத்த அணு கொட்டிவிடும் என்று என் டாக்டர் தனியாகவே எச்சரித்தார். குழந்தைக்குத் திட்டமிடும் வயதில் யாராவது இதைப் படித்தால், மருந்தைத் தொடங்கும் முன்பே அதைச் சொல்லிவிடுங்கள். கருவுக்கு ஆகாத மருந்து இது.

நான் நூல்கண்டு டப்பா இரண்டை எடுத்து, சிவப்பு மூடிக்குள் செவ்வாய், பச்சை மூடிக்குள் புதன் என்று வைத்திருக்கிறேன். சிவப்பில் ஒரு வாரத்துக்கான அளவுக்கு மேல் போடுவதில்லை, மீதி அட்டை பீரோவில். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரத்த அணு, கல்லீரல், கிட்னிக்கான கிரியேட்டினின் பார்க்கிறேன்.

மேலூர்த் தம்பி, அப்பா இப்போது எப்படி இருக்கிறார்? அதே மருந்துதானா?

மேலூர்:

இல்லை அக்கா, அதை அடியோடு நிறுத்திவிட்டார்கள். இப்போது ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், வருடத்துக்கு ஒரு தடவை கண் பரிசோதனை. இது தினமும் போட வேண்டிய மாத்திரை. ஆனால் அப்பா பயந்துபோய் வாரத்துக்கு ஒன்றுதான் போடுவேன் என்று உட்கார்ந்திருக்கிறார். தினமும் ராத்திரி சீட்டை விரித்து வாசித்துக் காட்டுகிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரும் ஒரு தடவை வாசித்த பிறகுதான் தண்ணீர் டம்ளரைத் தொடுகிறார்.