ஃபீனிக்ஸ் ஏ320, பிஎம்டிஜி 737: எதை வாங்குவது? இப்போதைய ஏ320-இல் தொடரும் சில சிக்கல்களுக்கும் விளக்கம் தேவை

வினா: புதுவலவன்

வணக்கம். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் ஓர் ஏர்பஸ் ஏ320 ஆட்-ஆனை (சிமுலேட்டரில் கூடுதலாகச் சேர்க்கும் விமான மென்பொருளை) ஓட்டிவருகிறேன். தயாரிப்பாளர் யார் என்பது என் கேள்விக்குத் தேவைப்படாது என்பதால் பெயரைக் குறிப்பிடவில்லை. அடுத்த கட்டமாக, அமைப்புகள் இன்னும் ஆழமாக வடிவமைக்கப்பட்ட ஒரு பயணிகள் விமானத்தை வாங்க விரும்புகிறேன். ஃபீனிக்ஸ் நிறுவனத்தின் ஏ320, பிஎம்டிஜி நிறுவனத்தின் போயிங் 737-800 என்ற இரண்டில் வந்து நிற்கிறேன். எக்ஸ்-பிளேன் என்ற மற்றொரு சிமுலேட்டருக்கு மாறினால் டோலிஸ் நிறுவனத்தின் விமானங்கள் இருக்கின்றன என்றும் கேள்விப்பட்டேன்.

வாங்கத் தூண்டிய காரணங்களையும் சொல்லிவிடுகிறேன். புறப்பட்ட பின் த்ரஸ்ட் லீவர்களை (உந்துவிசைக் கைப்பிடிகளை) ஏற்ற நிலைக்கு இழுத்தாலும், முதன்மைத் திரையின் மேல் பகுதியில் ‘எல்விஆர் சிஎல்பி’ (லீவரை ஏற்ற நிலையில் வை) என்ற எழுத்து விடாமல் மின்னுகிறது, வேகமும் கட்டுக்குள் நிற்பதில்லை. நேர்ப்பறப்பில் கையை எடுத்துவிட்டு அமர்ந்திருக்கும்போதே ஆட்டோபைலட் சில வேளைகளில் தானாக விடுபட்டு எச்சரிக்கை ஒலி எழுப்புகிறது. இறங்கும்போது எப்போதும் பாதைக்கு மேலேயே இருக்கிறேன். ஓடுபாதையை நெருங்கும் கடைசி நிமிடத்தில் படம் திக்கித் திக்கி ஓடுகிறது.

என்னிடம் இருப்பவை தானாக நடுநிலைக்குத் திரும்பும் சாதாரண ஜாய்ஸ்டிக் ஒன்றும், இரண்டு லீவர்கள் கொண்ட த்ராட்டில் ஒன்றும். விலை கூடிய ஆட்-ஆனில் இந்தக் குறைகள் இருக்காது என்று நம்பலாமா?

மறுமொழி: நீலவெளி

நம்ப வேண்டாம். நீங்கள் சொன்னவற்றில் பெரும்பாலானவை உங்கள் மேசையின் மேல் இருக்கும் கருவிகளையும் கணினியையும் சேர்ந்தவை. எந்த ஆட்-ஆனுக்கு மாறினாலும் அவையும் கூடவே வரும். முதலில் அவற்றைத் தீர்த்துவிட்டு ஒப்பீட்டுக்கு வருவது நல்லது.

ஏ320-இன் லீவர்கள் ஐடில் (மிகக் குறைந்த உந்துவிசை), சிஎல் (ஏற்றம்), ஃப்ளெக்ஸ்-எம்சிடி (குறைத்த புறப்பாட்டு உந்துவிசை அல்லது தொடர்ந்து தாங்கும் உச்சம்), டோகா (முழு உந்துவிசை) என்ற இடங்களில் பள்ளத்தில் விழுந்தது போல உட்காரும். புறப்பாட்டுக்குப் பின் அவற்றை சிஎல் பள்ளத்தில் வைத்ததும், உந்துவிசையைத் தானே சரிசெய்யும் ஆட்டோத்ரஸ்ட் வேலையைத் தொடங்கும். லீவர் அங்கே இல்லையென்றால் ‘எல்விஆர் சிஎல்பி’ மின்னும். லீவர் எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்பதை அதே திரையின் வலக்கோடியில் உள்ள ‘ஏ/டிஹெச்ஆர்’ (ஆட்டோத்ரஸ்ட்டின் சுருக்கம்) என்ற எழுத்தின் நிறத்தைக் கொண்டே கண்டுபிடித்துவிடலாம். அது நீலமாக இருந்தால் லீவர் சிஎல் நிலைக்குச் சற்று மேலே நிற்கிறது, ஆட்டோத்ரஸ்ட் ஆயத்த நிலையில் காத்திருக்கிறதே தவிர இயங்கவில்லை, உந்துவிசை உங்கள் கையில்தான் இருக்கிறது என்று பொருள். வெள்ளையாக இருந்துகொண்டே ‘எல்விஆர் சிஎல்பி’ மின்னினால் லீவர் சிஎல் நிலைக்குக் கீழே இருக்கிறது. அப்போது ஆட்டோத்ரஸ்ட் இயங்கும், ஆனால் லீவர் நிற்கும் இடத்துக்கு மேல் உந்துவிசையைக் கூட்ட அதனால் இயலாது. உங்கள் வேகம் மீறிப்போவதால் முதல் வகையாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். ஆட்-ஆனின் டேப்லெட்டிலோ அமைப்புப் பக்கத்திலோ த்ராட்டில் அளவுத்திருத்தம் இருக்கும். அதில் ஒவ்வொரு நிலையையும் பதியும்போது ஒற்றை எண்ணாகப் பதியாமல், அதன் இருபுறமும் சிறிது அகலம் விட்டுப் பதியுங்கள். வீட்டுக் கருவிகளின் லீவர் ஒவ்வொரு முறையும் அதே எண்ணில் வந்து நிற்பதில்லை.

ஆட்டோபைலட் விடுபடுவதற்கும் காரணம் இதே வகைதான். உண்மை விமானத்தில் ஆட்டோபைலட்டை இணைத்ததும் சைட்ஸ்டிக் என்ற பக்கவாட்டுக் கட்டுப்பாட்டுக் குச்சி நடுநிலையில் பூட்டப்படும். அதை மீறி அழுத்தினால்தான் விடுபடும். நம் ஜாய்ஸ்டிக்கில் அத்தகைய பூட்டு இல்லாததால், உள்ளிருக்கும் உணரியின் நடுக்கமே விமானி குச்சியை அசைத்தது போலத் தோன்றிவிடுகிறது. கட்டுப்பாட்டு அமைப்புப் பக்கத்தைத் திறந்து, கையை எடுத்துவிட்டு அச்சின் மதிப்பைக் கவனியுங்கள். அது தானாகத் துள்ளினால் நடுவில் சிறிய செயலற்ற பகுதி ஒன்றை ஒதுக்குங்கள். கேம்பேட் போன்ற வேறொரு கருவி அதே அச்சுக்கு இணைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். பலருக்கும் சிக்கல் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

இறக்கத்தைப் பற்றி ஒரு கேள்வி: எம்சிடியூவில் (பறப்புத் திட்டத்தை இடும் காக்பிட் கணினிப் பலகையில்) இறக்கத்துக்கான காற்று விவரங்களை இடுகிறீர்களா? பின்காற்று வீசும்போது அதை இடாவிட்டால், கணினி கணக்கிட்ட பாதையைக் காட்டிலும் நீங்கள் தரையின் மேல் வேகமாக நகர்வீர்கள். எஞ்சின் ஐடிலில் இருந்தும் உயரம் போதிய அளவு குறையாது. காஸ்ட் இன்டெக்ஸ் (நேரச் செலவுக்கும் எரிபொருள் செலவுக்கும் உள்ள விகிதம்) கூடினால் இறக்க வேகம் கூடும், இறங்கத் தொடங்கும் புள்ளியும் விமான நிலையத்துக்கு நெருங்கி வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆயிரம் அடிக்கு மூன்று கடல் மைல் என்ற பழைய கணக்கு இன்றும் கைகொடுக்கும்: 36,000 அடியிலிருந்து இறங்க 108 கடல் மைல், அதோடு வேகத்தைக் குறைக்கச் சில மைல்கள். திரையில் காணும் புள்ளி இதிலிருந்து வெகுவாக விலகினால், இட்ட எடையிலோ காற்றிலோ பிழை இருக்கிறது.

திக்குவதைப் பொறுத்தவரை, டெவலப்பர் மோடில் ஃபிரேம் ரேட் காட்டும் பெட்டியை இயக்கி, அதில் ‘மெயின்த்ரெட்’ (ப்ராசசரில் ஓடும் முதன்மைப் பணி) வரம்பாகக் காட்டுகிறதா, கிராபிக்ஸ் கார்டு வரம்பாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். அதே விமான நிலையத்தில், அதே வானிலையில், சிமுலேட்டருடன் வரும் சிறிய ஒற்றை எஞ்சின் விமானத்தையும் இறக்கிப் பாருங்கள். அதுவும் திக்கினால் குற்றம் நிலப்பரப்பின் பக்கம்.

புதுவலவன்

மிக்க நன்றி. ‘ஏ/டிஹெச்ஆர்’ நீலமாகத்தான் இருந்தது. சிஎல் நிலைக்கு அகலம் விட்டுப் பதிந்ததும் மின்னுவது நின்றது, ஏற்றத்தில் வேகமும் நிலைத்து நிற்கிறது. ஜாய்ஸ்டிக்கின் உருளல் அச்சு கையை எடுத்த பின்னும் துள்ளிக்கொண்டிருந்தது. நடுவில் செயலற்ற பகுதி ஒதுக்கிய பிறகு ஆட்டோபைலட் விடுபடவில்லை. இறக்கத்துக்கான காற்றை நான் இடுவதில்லை. இனி இட்டுப் பார்க்கிறேன். சிறிய விமானத்தில் திக்கல் சற்றுக் குறைவாக இருந்தாலும் முற்றிலும் நீங்கவில்லை. பெட்டியில் ‘மெயின்த்ரெட்’ என்றே காட்டுகிறது.

இப்போது ஒப்பீட்டுக்கு வரலாமா? இரண்டில் எது உண்மைக்கு நெருக்கமானது?

மறுமொழி: இறங்குதடம்

இரண்டும் நெருக்கமானவைதான், ஆனால் உங்கள் கையில் இருக்கும் கருவிகளைக் கொண்டு அந்த நெருக்கத்தில் எவ்வளவை நீங்கள் உணர முடியும் என்பதில்தான் வேறுபாடு பெரிதாக இருக்கிறது.

ஏ320-இல் ஆட்டோத்ரஸ்ட் இயங்கும்போது லீவர்கள் நகர்வதில்லை. சிஎல் பள்ளத்தில் வைத்த லீவர், தரையிறங்கும் வேளையில் 20 அடியில் ‘ரிடார்ட்’ என்ற குரல் கேட்கும்வரை அங்கேயே இருக்கும். உங்கள் மேசையிலும் அப்படியே இருக்கும். இரண்டுக்கும் முரண்பாடு இல்லை. 737-இல் ஆட்டோத்ராட்டில் மோட்டாரைக் கொண்டு லீவர்களையே நகர்த்துகிறது. விமானி தன் உள்ளங்கையின் கீழ் அந்த நகர்வை உணர்ந்தே எஞ்சின் என்ன செய்கிறது என்பதை அறிகிறார். வீட்டில் உள்ள த்ராட்டில் அசையாமல் நிற்க, திரையில் உள்ள லீவர் மட்டும் போய் வரும். ஆட்டோத்ராட்டிலை விடுவிக்கும் நொடியில், உங்கள் லீவர் எங்கே நிற்கிறதோ அந்த இடத்துக்கு எஞ்சின் தாவும். வன்பொருளின் நகர்வை எப்போது கேட்பது, எப்போது புறக்கணிப்பது என்று தீர்மானிக்க பிஎம்டிஜி 737-இல் ஓர் அமைப்பு உண்டு. அதைச் சரியாக வைத்தாலும், விடுவிப்பதற்கு முன் திரையில் உள்ள லீவரோடு கையில் உள்ளதைப் பொருத்திக்கொள்ளும் பழக்கம் வேண்டும்.

ஜாய்ஸ்டிக்குக்கும் இதே கதைதான். ஏ320-இன் சைட்ஸ்டிக்கும் ஸ்பிரிங் கொண்டு நடுவுக்குத் திரும்புவதே. காற்றின் சுமை கைக்குத் தெரியாது. விட்டுவிட்டால் விமானம் இருந்த பாதையைத் தானே காக்கும், ட்ரிம்மும் (கட்டுப்பாட்டுச் சுமையைச் சமன்செய்வதும்) தானே நடக்கும். 737-இல் வேகம் மாறும்போதெல்லாம் கட்டுப்பாட்டுத் தண்டில் சுமை ஏறும், அதை ட்ரிம் கொண்டு விமானி இறக்குவார். சாதாரண ஜாய்ஸ்டிக்கில் அந்தச் சுமை வராது என்பதால், விமானத்தின் ஒரு பாதி குணம் உங்களை எட்டாமலே போய்விடுகிறது. பிஎம்டிஜி எவ்வளவு உழைத்திருந்தாலும் இதற்கு அவர்கள் பொறுப்பல்ல.

அமைப்புகளைக் கற்பதே நோக்கம் என்றால் என் தராசு 737 பக்கம் சாயும். அங்கே விமானி தன் கையால் செய்வது அதிகம். எஞ்சினைத் தொடங்கும்போது என்2 (எஞ்சினின் உட்பகுதிச் சுழல் வேகம்) 25 சதவீதத்தை எட்டியதும் எரிபொருள் லீவரை உயர்த்துவது நீங்கள். தொடங்கிய பின் ஜெனரேட்டர்களைச் சுவிட்சைத் தட்டி இணைப்பதும் நீங்கள். அழுத்தக் கட்டுப்பாட்டுப் பலகையில் பறக்கும் உயரத்தையும் இறங்கும் நிலையத்தின் உயரத்தையும் இடுவதும் நீங்கள். ஏ320-இல் மாஸ்டர் சுவிட்சைப் போட்டதும் எரிபொருளையும் தீப்பொறியையும் கணினியே கவனித்துக்கொள்கிறது, ஜெனரேட்டரும் தானாக இணைகிறது. எது எதனால் இயங்குகிறது என்பதை 737 உங்கள் விரல்களுக்குக் கற்றுக்கொடுக்கும்.

இவ்விரு நிறுவனங்களின் ஏ320, 737 ஆட்-ஆன்களும் இந்த சிமுலேட்டருக்கு 2022 மே மாதத்திலேயே வந்தவை; பிஎம்டிஜி முதலில் 737-700 வகையை வெளியிட்டது, 800 பின்னர் வந்தது. ஃபீனிக்ஸ், முழு காக்பிட் கட்டுவோர் பயன்படுத்தும் ப்ரோசிம் மென்பொருளை அடித்தளமாகக் கொண்டு தொடங்கியது. அதன் அமைப்புகள் சிமுலேட்டருக்கு வெளியே தனிச் செயலியாக ஓடுகின்றன. பல கோர்கள் கொண்ட ப்ராசசர் இருந்தால் இது நன்மை. நினைவகம் குறைந்த கணினியில் அந்தத் தனிச் செயலிக்கும் இடம் விட வேண்டியிருக்கும். காக்பிட் திரைகளை ப்ராசசர் வரைவதா, கிராபிக்ஸ் கார்டு வரைவதா என்றும் அதில் தேர்ந்தெடுக்கலாம். உங்களுக்கு ‘மெயின்த்ரெட்’ வரம்பாக இருப்பதால், எதை வாங்கினாலும் முதலில் நிலப்பரப்பின் விவர அளவையும், சுற்றி நிற்கும் பிற விமானங்களின் எண்ணிக்கையையும் குறையுங்கள்.

உங்கள் கருவிகளை வைத்துச் சொன்னால் ஃபீனிக்ஸ். காசு செலவழிக்கும் முன், ஃப்ளைபைவயர் குழுவின் இலவச ஏ32என்எக்ஸை நிறுவிப் பாருங்கள். அது நியோ வகை, எஞ்சின் வேறு. ஆயினும் பறக்கும் விதிகளையும் (குச்சியின் அசைவைக் கணினி கையாளும் முறைகளையும்) எம்சிடியூவையும் இலவசமாக இந்த அளவுக்குக் கற்றுக்கொள்ள வேறு வழி இல்லை.

மறுமொழி: மேகமூட்டம்

எக்ஸ்-பிளேனைப் பற்றிக் கேட்டதால் சுருக்கமாக. டோலிஸ் ஏர்பஸ்களில் எனக்குப் பெரிதாகத் தெரிவது, பறப்பின் எந்த இடத்திலும் விமானத்தின் முழு நிலையையும் சேமித்து, மறுநாள் அதே இடத்திலிருந்து தொடரலாம் என்பது. மாலையில் ஒரு மணி நேரம் மட்டுமே கிடைப்பவருக்கு இது சிறிய வசதி அல்ல. 737 பக்கம் ஆர்வமிருந்தால், சிமுலேட்டருடன் வரும் 737-800-ஐ அடித்தளமாகக் கொண்ட ஸிபோ மாற்றம் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் ஏற்கெனவே வாங்கிய நிலப்பரப்புகளை விட்டுவிட்டு ஒரு விமானத்துக்காக சிமுலேட்டரையே மாற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

புதுவலவன்

தெளிவாகப் புரிந்தது. ஒரு கடைசிக் கேள்வி. சுவிட்சுகள் எல்லாம் அசைகின்றன என்பதால் மட்டும் அமைப்பு ஆழமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாதல்லவா? வாங்கியபின் அதை எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

மறுமொழி: இறங்குதடம்

எதையாவது அணைத்துப் பாருங்கள். விளைவு எவ்வளவு தூரம் பரவுகிறது என்பதில் எல்லாம் தெரிந்துவிடும்.

ஏ320-இல் நேர்ப்பறப்பின்போது ஒரு ஜெனரேட்டரை அணையுங்கள். மற்றது இரு பக்கத்துக்கும் மின்சாரம் கொடுக்கும், கேலியின் (விமான உணவறையின்) மின்சுமை தானாகத் துண்டிக்கப்படும், ஈகேம் என்ற எச்சரிக்கைத் திரை மின்பக்கத்தைத் திறந்து காட்டும். அடுத்து, ஏபியூ (மின்சாரம் தரும் துணை எஞ்சின்) இயங்காத நிலையில் இரண்டாவதையும் அணையுங்கள். திரைகள் இருண்டு, ராட் எனப்படும் காற்றுச்சுழலி வெளியே விழுந்து நீல ஹைட்ராலிக் அமைப்பை அழுத்தி, அதன் மூலம் அவசர ஜெனரேட்டர் சுழலும். இடப்பக்கத் திரைகள் மீளும், வலப்பக்கம் இருளிலேயே இருக்கும். ஆட்டோபைலட் போயிருக்கும், பறக்கும் விதி, பாதுகாப்புகள் குறைந்த ஆல்டர்னேட்டுக்கு இறங்கியிருக்கும், சக்கரங்களை இறக்கியதும், குச்சியின் அசைவு நேராகவே கட்டுப்பாட்டுத் தளங்களுக்குச் செல்லும் டைரக்டாக மாறும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விடுபட்டிருந்தாலும் அது மேற்பூச்சு வேலை என்று கண்டுகொள்ளலாம். தரையில் சோதிக்க எளிதானது ஒன்றும் உண்டு: இரண்டாவது எஞ்சினைத் தொடங்கும்போது பிடியூ (ஒரு ஹைட்ராலிக் அமைப்பின் ஆற்றலை மற்றதற்கு மாற்றும் கருவி) தன்னைத்தானே சோதித்து, நாய் குரைப்பது போல ஒலிக்க வேண்டும், முதல் எஞ்சினைத் தொடங்கும்போது அது வாய் திறக்கக் கூடாது.

737-இல் ராட் கிடையாது. இரு ஜெனரேட்டர்களும் ஏபியூவும் இல்லாவிட்டால் பேட்டரிதான் கதி. அங்கே சோதிக்க வேண்டியது ஏ, பி ஹைட்ராலிக் அமைப்புகள். இரண்டையும் இழந்தாலும் கேபிள்கள் வழியாகக் கைவலிமையால் விமானத்தைத் திருப்ப முடியும், ஆனால் அது மந்தமாகவே அசையும். இழந்த பின்பும் முன்போலவே துடிப்பாகத் திரும்பினால் ஆட்-ஆன் உங்களை ஏய்க்கிறது.

சோதனைக்கு முன் அமைப்புப் பக்கத்தில் எதார்த்தக் குறுக்குவழிகள் எதுவும் இயங்கவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஐஆர்எஸ் (விமானத்தின் இடத்தையும் திசையையும் கணிக்கும் அமைப்பு) ஒழுங்காக நிலைகொள்ளச் சுமார் பத்து நிமிடம் ஆகும். நொடிகளில் முடிந்தால் விரைவு நிலை தேர்வாகியிருக்கிறது. திட்டமிடும் தளத்தின் வழித்தரவும் விமானத்தின் தரவும் 28 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் ஒரே சுழற்சியைச் சேர்ந்தவையாக இருக்கட்டும். இல்லையெனில் வழியில் தோன்றும் இடைவெளிகளை ஆட்-ஆனின் பிழை என்று எண்ணித் தேடிக்கொண்டிருப்பீர்கள். உங்களிடம் இருப்பது சிமுலேட்டரின் 2020 பதிப்பா 2024 பதிப்பா என்பதைப் பார்த்து, அதற்குரிய நிறுவியையே தரவிறக்குங்கள்.