95 டிகிரியில் பிசிஆர் சிப் வற்றிப்போகிறது

கேள்வி:
டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் வினைக்கான பிடிஎம்எஸ் (ஒளிபுகும் சிலிக்கோன் ரப்பர்) சிப், அறையின் கொள்ளளவு 5 மைக்ரோலிட்டர், அடியில் கண்ணாடி. இரு துளைகளையும் ஒட்டுநாடாவால் மூடியிருக்கிறேன், கசிவு இல்லை. ஆனாலும் சூடாக்கிக் குளிர்விக்கும் 20 சுழற்சிக்குள் திரவம் பாதியாகிறது, குமிழியும் வருகிறது. தொடக்கத்திலேயே கூடுதல் நீர் சேர்க்கலாமா?

பதில் 1:
வேண்டாம். முதல் சுழற்சிகளில் கலவை நீர்த்துவிடும். பிறகு பாதி வற்றும்போது மெக்னீசியமும் உப்பும் இரட்டிப்பாகி, டிஎன்ஏவை நகலெடுக்கும் நொதியான பாலிமரேஸ் திணறும்.

நீர் போவது சுவர் வழியாக. பிடிஎம்எஸ் நீராவியைத் தாராளமாக ஊடுருவவிடும். 95 டிகிரியில் நீரின் ஆவியழுத்தமோ சுமார் 84 கிலோபாஸ்கல். வார்க்கும்போதே அறைக்கு மேல் ஒரு கவர்ஸ்லிப்பைப் (மெல்லிய கண்ணாடித் தகடு) புதைத்துவிடுங்கள். அது அறையின் விளிம்பைத் தாண்டிச் சில மில்லிமீட்டராவது நீள வேண்டும், இல்லாவிட்டால் ஆவி பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு வெளியேறும். அந்தப் பக்கத்தைக் காக்க, அறையைச் சுற்றி ஒரு கால்வாய் வெட்டி, நொதியில்லாத அதே பஃபரால் (வினைக்கான உப்புக் கரைசல்) நிரப்புங்கள். முதலில் வற்றுவது அதுதான். வெறும் நீர் ஊற்றினால் செறிவு வேறுபாட்டால் நீர் அறைக்குள் நகரக்கூடும்.

பதில் 2:
குமிழிக்குக் காரணம் வேறு: மூலையில் சிக்கிய காற்றும் கரைந்த காற்றும். நொதி சேர்க்கும் முன் பஃபரை 15 நிமிடம் வெற்றிடத்தில் வையுங்கள், மெதுவாக நிரப்புங்கள். முடிந்தால் சுழற்சி முழுவதும் சிப்பின் மீது 1 வளிமண்டலம் கூடுதல் அழுத்தம் கொடுங்கள்; குமிழி வளராது.

துளைகளுக்கு நாடாவைவிட மினரல் ஆயில் துளி மேலானது. மெல்லிய சிலிக்கோன் எண்ணெய் மட்டும் வேண்டாம், பிடிஎம்எஸ் அதை உறிஞ்சி வீங்கும்.