'பிளானட் ராக்' ராப் பாடலா, ஆட்டத்துக்கான மின்னிசையா?

கேள்வி: தாளப்பித்தன்

நியூயார்க்கின் டாமி பாய் நிறுவனம் 1982இல் தனிப்பாடலாக (சிங்கிள்) வெளியிட்ட 'பிளானட் ராக்' இசைத்தட்டை அண்மையில் பலமுறை கேட்டேன். ஆப்பிரிக்கா பம்பாட்டாவும் சோல்சானிக் ஃபோர்ஸ் குழுவினரும் பாடியது. ஆர்தர் பேக்கர் தயாரித்தது. ஹிப்-ஹாப் வரலாறு என்றாலே இதைச் சொல்லாமல் யாரும் நகர்வதில்லை. எனக்கோ ராப் இதில் ஒப்புக்குத்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது. மெட்டு ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழு 1977இல் வெளியிட்ட 'டிரான்ஸ்-யூரோப் எக்ஸ்பிரஸ்'. தாளம் அதே குழுவின் 1981ஆம் ஆண்டுப் பாடலான 'நம்பர்ஸ்'. இவ்விரண்டையும் கழித்துவிட்டால் இந்தப் பாடலுக்குச் சொந்தமென்று என்ன மிஞ்சும்? கேட்டவர்கள் தங்கள் கருத்தைச் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி: இரண்டாங்காலம்

மெட்டும் தாளமும் எங்கிருந்து வந்தன என்பதில் தங்களோடு எனக்குப் பிணக்கில்லை. ஆனால் ராப் ஒப்புக்கு இருக்கிறது என்பதை ஏற்க மாட்டேன். இப்பாடலின் புதுமையே அங்குதான் இருக்கிறது. அதற்கு முன் வந்த ராப் இசைத்தட்டுகளில் பெரும்பாலானவை டிஸ்கோ, ஃபங்க் பாடல்களின் தாளத்தை வாத்தியக்காரர்களைக் கொண்டு திரும்ப வாசித்து, அதன் மேல் சொற்களை அடுக்கியவை. இங்கே தாளம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 127 அடி என்ற வேகத்தில் ஓடுகிறது. அந்த ஓட்டத்தோடு சொற்களையும் ஓட்டினால் மூச்சு முட்டிவிடும். எனவே குழுவின் ராப் பாடகர் குளோப், தாளத்தின் பாதி வேகத்தில், இடைவெளி விட்டு, சொற்களை வெட்டி வெட்டி நிறுத்தும் முறையைக் கையாண்டார். தவில் இரண்டாம் காலத்தில் முழங்கிக்கொண்டிருக்க, நாயனம் முதல் காலத்திலேயே நின்று நிதானமாக வாசிப்பதைக் கேட்டவர்களுக்கு இதன் சுகம் புரியும். ஆடுபவரின் கால் ஒரு கணக்கிலும் கேட்பவரின் காது வேறொரு கணக்கிலும் போகின்றன.

தாளத்தையும் சற்றுக் கவனியுங்கள். அது ரோலண்ட் டிஆர்-808 என்னும் டிரம் மெஷினின் வேலை. 1980 முதல் 1983 வரை மட்டுமே தயாரிக்கப்பட்ட அந்தக் கருவியில் உண்மையான டிரம்மின் ஒலிப்பதிவு எதுவும் கிடையாது. ஒவ்வோர் ஒலியையும் மின்சுற்றே உண்டாக்குகிறது. உண்மை டிரம் போல ஒலிக்கவில்லை என்றுதான் அன்று பலர் அதை ஒதுக்கினார்கள். அதன் அடித்தாளம் (பேஸ் டிரம் ஒலி) தோலில் அடித்ததைப் போலச் சட்டென்று முடியாமல், கீழ்ச்சுருதியில் சற்று நேரம் நின்று அடங்கும். அந்தக் கார்வையை 'நம்பர்ஸ்' பாடலில் தேடினாலும் கிடைக்காது. தாங்கள் கைபேசியின் ஒலிபெருக்கியில் கேட்டிருந்தால் பாட்டில் பாதியைக் கேட்கவில்லை என்றே சொல்வேன்.

மறுமொழி: கரகரப்பான ஊசி

மேலுள்ள நண்பரின் விளக்கம் நன்று. ஆயினும் கேள்வி கேட்டவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. கூட்டத்தை உற்சாகப்படுத்தும் கூவல்களைத் தாண்டி, வரிகளில் பெரிதாகச் சரக்கு இல்லை. அதே 1982இல் வந்த 'தி மெசேஜ்' என்ற ராப் பாடலோடு வைத்துப் பார்த்தால், அங்கே சொல்லுக்கு இருக்கும் கனம் இங்கே இல்லை. 12 அங்குல இசைத்தட்டின் மறுபக்கத்தில் குரலில்லாத வடிவம் இருக்கிறது. நான் பெரும்பாலும் அதைத்தான் கேட்பேன்.

மறுமொழி: மறுபக்கம்

சொந்தம் எது என்ற கேள்விக்கு வருகிறேன். மெட்டை அவர்கள் இசைத்தட்டிலிருந்து வெட்டி ஒட்டவில்லை. ஜான் ரோபி என்ற இசைஞர் சின்தசைசர் என்னும் மின்னிசைக் கருவியில் அதைப் புதிதாக வாசித்தார். கிராஃப்ட்வெர்க் தரப்பு எதிர்த்தால் என்ன செய்வது என்று அஞ்சி, அதே தாளத்துக்கு மாற்று மெட்டு ஒன்றையும் பதிவு செய்து வைத்திருந்தார்கள். அது வீணாகவில்லை, அதே ஆண்டில் பிளானட் பேட்ரோல் குழுவின் 'பிளே அட் யுவர் ஓன் ரிஸ்க்' பாடலாக வெளிவந்தது. 'பிளானட் ராக்' இசைத்தட்டிலோ கிராஃப்ட்வெர்க்கின் பெயர் முதலில் இடம்பெறவில்லை. விவகாரம் முற்றிய பிறகே உடன்பாடு ஏற்பட்டுப் பணம் கொடுக்கப்பட்டது. பெயரைப் போடாதது தவறு. அதில் எனக்கு இருவேறு கருத்து இல்லை.

ஆனால் கடன் அந்த ஒரு குழுவோடு முடிந்துவிடவில்லை. நடுவில் வரும் ஒரு மெட்டு, பேப் ரூத் என்ற ஆங்கிலேய ராக் குழுவின் 'தி மெக்சிகன்' பாடலுடையது. அந்தப் பாடலே இத்தாலிய இசையமைப்பாளர் மொரிகோனே கௌபாய் படமொன்றுக்கு அமைத்த மெட்டை எடுத்தாண்டதுதான். அவ்வப்போது முழு வாத்தியக் குழுவும் ஒரே அடியாக அடித்துவிட்டு நிற்பது போன்ற ஒலி வருகிறதே, அது ஸ்ட்ராவின்ஸ்கியின் 'ஃபயர்பர்ட்' பாலே இசையின் துணுக்கு. ஃபேர்லைட் என்ற கணினி இசைக்கருவியோடு வந்த ஒலித்தொகுப்பில் இருந்தது. டிஆர்-808ஐ இயக்கியவரோ, செய்தித்தாளில் விளம்பரம் பார்த்துக் கூலிக்கு அழைத்து வரப்பட்டவர். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதித் தெரு விருந்துகளில் பம்பாட்டா எந்த இசைத்தட்டை எதனோடு சேர்த்துச் சுழற்றினாரோ, அந்தச் சேர்க்கைப் புத்திதான் இங்கு ஸ்டூடியோவுக்குள் நுழைந்திருக்கிறது. அதை ஹிப்-ஹாப் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

மறுமொழி: தாளப்பித்தன்

விரிவான மறுமொழிகளுக்கு நன்றி. ஹெட்போனில் மீண்டும் கேட்டேன். அடித்தாளம் பற்றி 'இரண்டாங்காலம்' சொன்னது முற்றிலும் சரி. வரிகளைப் பற்றிய என் கருத்து மட்டும் மாறவில்லை.

மறுமொழி: இரண்டாங்காலம்

மாற வேண்டியதில்லை, நண்பரே. அமெரிக்காவின் பில்போர்டு இதழின் பொதுப் பாடல் பட்டியலில் இது 48ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. கறுப்பர் இசைப் பட்டியலிலோ 4ஆம் இடம் வரை ஏறியது. பின்னர் அமெரிக்காவின் மயாமி நகரத்து 'மயாமி பேஸ்' ஆட்ட இசைக்கும், அதன் வழியே பிரேசிலின் ரியோ நகர ஃபங்க் ஆட்டங்களுக்கும் கடத்தப்பட்டது இதன் தாளக்கட்டுதான், வரிகளல்ல. அடுத்துக் கேட்க விரும்பினால், டெட்ராய்ட் நகரின் சைபோட்ரான் குழு 1983இல் வெளியிட்ட 'கிளியர்' பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ராப் அறவே கிடையாது.